வெள்ளை முட்டைக்குப் பின்னால்

காளானை யாரும் பார்க்கவில்லை. எர்சிலியாவுக்கு முதலில் உறைத்தது அதுதான்.

ரொன்கால்தோ ஊரின் காளான் திருவிழாவுக்காக மண்டபத்தில் தொண்ணூற்று நான்கு நீர்வண்ணப் படங்களை மாட்டியிருந்தாள். இருபத்திரண்டு வருட வேலை. இந்தப் பள்ளத்தாக்கில் முளைக்கும் நூறு வகைக் காளான்களையும் வரைந்து முடிப்பது என்று உட்கார்ந்தவளுக்கு இன்னும் ஆறு பாக்கி. மற்ற வருடங்களில் ஜனங்கள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "நல்லாருக்கும்மா" என்று சொல்லி, வறுவல் மணம் வரும் பக்கம் நடையைக் கட்டிவிடுவார்கள். இந்த வருடம் கடைசிப் படத்தின் முன்னால் பதினோரு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். எர்சிலியாவுக்கு முகம் சூடேறியது. ஐம்பத்தேழு வயதில் கிடைத்த கூட்டம்.

படத்தில் இருந்தது முட்டைக்காளான். மண்ணிலிருந்து எழும்போது அச்சு அசல் கோழிமுட்டை போல வெள்ளையாக இருக்கும். பிறகு அந்த வெள்ளைத் தோல் கிழிந்து உள்ளேயிருந்து செம்மஞ்சள் தலை எட்டிப்பார்க்கும். அந்தக் கிழிசல் நேரத்தைத்தான் அவள் பிடித்திருந்தாள்.

கறிக்கடை லெயார்கோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதைப் பூதக்கண்ணாடி மாதிரி படத்தின் மேல் பிடித்துக்கொண்டிருந்தான். விழாக் குழுத் தலைவனும் அவன்தான்.

"இந்த மரத்துல இடி விழுந்திருக்கு பாரு. ரெண்டா பொளந்திருக்கு."

"இந்த மலையில இடி விழாத மரத்தைக் காட்டு பாப்போம்," என்றான் பக்கத்திலிருந்தவன்.

"பாசி எந்தப் பக்கம் புடிச்சிருக்கு, அதைப் பாருடா. அப்போ சரிவு கிழக்க பாத்திருக்கு."

"படம் பாக்க வந்தியா, நெலம் அளக்க வந்தியாய்யா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். கேட்டவளே தலையை நுழைத்து எட்டிப் பார்த்தாள்.

எர்சிலியா நெருங்கிப் போனாள். "லெயார்கோ, காளான் எப்படியிருக்கு?"

"எந்தக் காளான்?" என்றான் அவன். பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஓ, இதுவா? மஞ்சளா, நல்லா இருக்கும்மா," என்றான். கண் மட்டும் மரத்தை விட்டு நகரவில்லை.

அவர்கள் தேடுவது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த ஊரில் ஒருவன் தன் சம்பளத்தைச் சொல்லுவான், மனைவியோடு போட்ட சண்டையைச் சொல்லுவான், காளான் எடுக்கும் இடத்தை மட்டும் சொல்லமாட்டான். பெற்ற மகனுக்கே சாகும் தறுவாயில்தான் சொல்லுவான். சிலர் அப்போதும் சொல்லாமல் போய்விடுகிறார்கள். முட்டைக்காளான் முளைக்கும் இடமோ பள்ளத்தாக்கில் ஐந்தோ ஆறோதான். அதில் ஒன்று குவிந்தோ கிழவருடையது. அவர்தான் எர்சிலியாவை அங்கே அழைத்துப் போனார் என்று ஊருக்கே தெரியும்.

கூட்டத்தைப் பார்த்து அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அந்த மரம் குவிந்தோவின் இடத்து மரமே அல்ல.

எப்படி அது அங்கே வந்தது என்பதற்கு ஒரு மாதம் பின்னால் போகவேண்டும்.

மற்ற காளான்களுக்கு எர்சிலியா காட்டுக்குப் போனதே இல்லை எனலாம். அவள் வீட்டு வாசலில் ஒரு கொக்கி உண்டு. புதிதாகவோ விசித்திரமாகவோ ஏதாவது கிடைத்தால் ஊர்க்காரர்கள் அதில் கூடையை மாட்டிவிட்டுப் போவார்கள். யார், எங்கே என்று அவளும் கேட்கமாட்டாள். காளானின் நிறம் சில மணி நேரம்தான் நிற்கும் என்பதால் உடனே உட்கார்ந்து வரைந்துவிடுவாள். ஆனால் முட்டைக்காளானை முட்டையாக இருக்கும்போது பறிக்கச் சட்டம் இடம் தராது. தோல் மூடியிருக்கையில் கொலைகாரக் காளான் ஒன்றும் அதே போல இருக்கும். ஆளைக் கொன்ற பிறகுதான் அதன் பெயர் தெரியும். ஆகவே அதைக் கூடையில் கொண்டுவர வழியில்லை. அவள்தான் அதனிடம் போகவேண்டும்.

குவிந்தோ மூன்று வருடம் மறுத்தார். நான்காவது வருடம், "சரி, ஆனா கண்ணைக் கட்டித்தான் கூட்டிட்டுப் போவேன்," என்றார். மனைவியின் கழுத்துத் துணியால் கட்டினார். அது போதாதென்று, காரின் பின்சீட்டில் அவளைப் படுக்க வைத்து மேலே தார்ப்பாயையும் போர்த்தினார்.

"மூச்சு முட்டுது குவிந்தோ."

"மெதுவா விடும்மா. நானும் சுத்தி சுத்தித்தான் போவேன். ஒரே வளைவுல மூணு தடவை திரும்பினா எண்ணாதே."

மூன்று மணி நேரம் வரைந்தாள். அவர் ஒரு வேரின் மேல் உட்கார்ந்து, காளானை அல்ல, அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்கினால், "கீழ பாரும்மா," என்பார். தண்ணீர் தீர்ந்தபோது அவரே எங்கோ போய் ஒரு பாட்டிலில் பிடித்துவந்து கொடுத்தார். அந்த மூன்று மணி நேரத்தில் கிழிசல் ஒரு விரற்கடை அகலமாகிவிட்டது. முதலில் போட்ட கோடு கடைசியில் பொய்யாகிப் போகும் உயிர் அது. ஆகவே, எல்லாப் படத்திலும் செய்வதுபோல, ஓரத்தில் பென்சிலால் மணி குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிக்கல் வந்தது. எண்ணெய் ஓவியத்தில் வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளையை எடுத்துப் பூசிவிடலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். எதைத் தொடாமல் விடுகிறோமோ அதுவே வெள்ளை. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை முட்டை எப்படித் தெரியும்? பின்னால் இருட்டு இருந்தால்தான் தெரியும். முட்டையின் விளிம்பு வரைக்கும் தண்ணீரைத் தடவி, முட்டையை மட்டும் உலர்ந்தபடி விட்டுவிட வேண்டும். பிறகு ஈரத்தில் கருநிறத்தைத் தொட்டு வைத்தால் வண்ணம் தானே ஓடிப் பரவி, வரப்பில் முட்டிய தண்ணீர்போல அந்த உலர்ந்த விளிம்பில் வந்து நின்றுவிடும். முட்டை பளிச்சென்று எழும்பும். மற்ற தொண்ணூற்று மூன்று படங்களும் வெறும் காகிதத்தின் மேல் நின்றன. இதற்கு மட்டும் பின்னணி தேவைப்பட்டது.

குவிந்தோவின் இடத்து மரங்களைப் போட முடியாது. வாக்குக் கொடுத்திருந்தாள். பழைய நோட்டைப் புரட்டியதில், மூன்று வருடம் முன்பு மார்ச் மாதத்தில் வரைந்த ஒரு பிளந்த செஸ்நட் மரம் அகப்பட்டது. கரியடுப்பு மேட்டுக்கு மேலே, ஒன்றும் விளையாத மொட்டைச் சரிவு. அதை எடுத்துப் பின்னால் வைத்தாள்.

வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. இங்கே வருமுன் பதினான்கு வருடம் ஒரு விதைக் கம்பெனிக்கு உறைப்படங்கள் வரைந்தவள் அவள். "தக்காளி இன்னும் கொஞ்சம் சிவப்பா" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எந்தச் செடியிலும் காய்க்காத சிவப்பு அது. அந்தச் சிவப்பு பொறுக்காமல்தான் வேலையை விட்டு இந்த மலைக்கு வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வரைந்த முதல் பொய் இந்த மரம்.

இன்னொன்றும் நடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குவிந்தோ பிடித்துக்கொடுத்த தண்ணீரில் மிச்சமிருந்ததைக் கொண்டு நீலத்தைக் குழைத்தபோது, நிறம் வழுவழுவென்று பரவாமல் பொடிப்பொடியாகத் திரண்டு காகிதத்தின் குழிகளில் போய் உட்கார்ந்தது. தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமிருந்தால் நீலம் அப்படித்தான் செய்யும். இந்தப் பள்ளத்தாக்கில் சுண்ணாம்பு கலந்த ஊற்று ஒன்றே ஒன்றுதான், பழைய ஆலைக்கு மேலே. அதன் அருகே, முட்டைக்காளான் முளைக்கக்கூடிய செஸ்நட் தோப்பும் ஒன்றுதான். கட்டிய துணியும் தார்ப்பாயும் மூன்று சுற்று வளைவும் ஒரு சொட்டு நீலத்தில் கரைந்துபோயின. எர்சிலியா அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து வேலையை முடித்தாள்.

திருவிழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, கரியடுப்பு மேட்டின் அடிவாரத்தில் ஏழு கார்கள் நின்றன. மதியத்துக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. லெயார்கோ இரண்டு கூடை நிறைய முட்டைக்காளானோடு இறங்கி வந்தான்.

எர்சிலியா காபிக்கடையில் இதைக் கேட்டபோது கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். மொட்டைச் சரிவில் முட்டைக்காளானா?

"என்னம்மா ஒண்ணும் தெரியாத மாதிரி பாக்குறே?" என்றான் லெயார்கோ. "பெரிய உபகாரம் பண்ணிட்டே. எங்கப்பா நாப்பது வருஷம் தேடின எடம்."

"அது குவிந்தோ எடம் இல்ல. நான் சும்மா ஒரு மரத்தைப் போட்டேன்."

"சும்மா!" லெயார்கோ கடை முழுவதையும் சாட்சிக்கு அழைப்பவன்போலக் கையை விரித்தான். "சும்மா போட்ட மரத்தடியில ஆறு கிலோ."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கெட்ட அறிகுறி. ஒவ்வொருவரும் தத்தம் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, தாங்கள் இருபத்திரண்டு வருடத்தில் கொக்கியில் மாட்டியவற்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் முதல் ஆள் வந்தார். அவர் கொடுத்த காளானின் காலில் ஒரு பாசித் துணுக்கு ஒட்டியிருந்ததாம். அதையும் வரைந்திருக்கிறாளாம். "அந்தப் பாசி எங்க வளரும்னு தெரிஞ்சவனுக்குத் தெரியும். அழிச்சிடு." இன்னொருவர், தன் படத்தின் ஓரத்தில் குறித்திருந்த மணியைக் கத்தியால் சுரண்டச் சொன்னார். "நீ ஏழு மணிக்கு வரைஞ்சேன்னா நான் ஆறு மணிக்குப் பறிச்சிருக்கேன். ஆறு மணிக்குப் பறிச்சிருந்தா பக்கத்துலதான் எங்கயோ. அவ்வளவும் வெளிய தெரியுதுல்ல?" கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஆகியும் கொக்கி காலி. அக்டோபர் முதல் வாரம், மழை பெய்து வெயில் அடித்த வாரம், காடு முழுக்கக் காளான். அவள் வாசலில் ஒன்றுகூட இல்லை. பாக்கி ஆறும் இந்த ஊர்க்காரர்கள் கொண்டுவந்தால்தான் உண்டு. எங்கே போய்த் தேடுவது என்று அவளுக்குத் தெரியாது. தேடத் தெரிந்திருந்தாலும், இனி அவளைக் காட்டில் பார்க்கிறவர்கள் பின்னாலேயே வருவார்கள். இப்படியே போனால் தொண்ணூற்று நான்கோடு எல்லாம் முடிந்தது.

குவிந்தோவும் வந்தார். உட்காரவில்லை.

"துணி வழியா பாத்தியா?"

"உங்க எடம் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு. நேத்து போய்ப் பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

"அதாம்மா சந்தேகம். என் எடத்தைத் தேடிப் போன ஏழு பேரும் வேற யாரோ ஒருத்தன் எடத்துல போய் எறங்கினானுங்க. அப்போ உனக்கு ரெண்டு எடம் தெரியும். ரெண்டு தெரிஞ்சவளுக்கு எத்தனை தெரியுமோ." தொப்பியைத் தலையில் அழுத்தினார். "இன்னிக்கு அவன். நாளைக்கு நான்."

அவர் போன பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டாள். அந்த 'வேற யாரோ' யார்?

பறிகொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் வாயைத் திறக்க முடியாது. என் இடம் போயிற்று என்று கத்தினால், அது தன் இடம் என்று தானே ஒப்புக்கொண்டதாகும். வருடக்கணக்காக, 'எனக்கு முட்டைக்காளானா? கனவுலதான்' என்று சொல்லி வந்ததெல்லாம் பொய்யாகும். ஆகவே கத்துகிறவர்களில் அந்த ஆள் இல்லை. அவள் கத்தாதவர்களை எண்ண ஆரம்பித்தாள். இந்தப் பள்ளத்தாக்கில் இருபத்திரண்டு வருடம் இருந்தவளுக்கு அந்தப் புத்தி தானாக வந்திருந்தது.

ரொட்டிக்கடை இயோலே ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை மதியம் கதை பரவிய அரைமணியில் இயோலே கடையை மூடிவிட்டாள். புருஷன் செத்த மறுவாரமே அடுப்பு பற்றவைத்தவள் அவள். மூன்று வருடம் முன்பு, பிளந்த மரத்தை வரைந்துவிட்டு எர்சிலியா இறங்கிவந்த நாளும் நினைவுக்கு வந்தது. பூட்ஸில் சேற்றைப் பார்த்துவிட்டு இயோலே கேட்டாள், "எங்க போயிட்டு வரே?" கரியடுப்பு மேடு என்றதும், "அங்கல்லாம் போகாதேடி, ஒரே விரியன் பாம்பு," என்றாள். பனி உருகாத மார்ச்சில் எந்தப் பாம்பு வெளியே வரும்?

எர்சிலியா பழைய நோட்டை எடுத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனாள். மத்தியானம், ஆளில்லை.

"ரொட்டி தீந்துபோச்சு," என்றாள் இயோலே. அவளுக்குப் பின்னால் தட்டில் பதினைந்து ரொட்டி இருந்தது.

"பாம்பு இருக்குன்னு சொன்னியே."

இயோலே மாவுக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தாள். கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தாள். "எத்தனை நாளா என் பின்னாடி வந்தே?"

"ஒரு நாளும் வரல. இதைப் பாரு." நோட்டை விரித்தாள். பென்சில் மரம், இலையில்லாத கிளைகள், ஓரத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் தேதி.

"தேதியை இப்பவே கூட எழுதிக்கலாம். உனக்கா பென்சிலுக்குப் பஞ்சம்?"

"சரி, தேதியை விடு. மரத்தைப் பாரு."

இயோலே நோட்டை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனாள். நெடுநேரம் பார்த்தாள். தன் வீட்டுக் குழந்தையின் போட்டோவைப் பார்ப்பதுபோல விரலால் தடவி நிறுத்தினாள். "இந்தக் கெளை..."

"என்ன?"

"இடது பக்கம் நீட்டிட்டிருக்கிற கெளை. போன வருஷத்துக்கு முந்தின பனிக்காலத்துல காத்துல முறிஞ்சு விழுந்துச்சு. நாந்தான் வெட்டி வெறகுக்குக் கொண்டாந்தேன்." நிமிர்ந்தாள். "படத்துலயும் இதே கெளை இருந்துச்சு. நானும் அதைக் கவனிக்கல."

"இந்த நோட்டைப் பாத்துத்தான் அதைப் போட்டேன். அங்க ஒண்ணும் மொளைக்காதுன்னு நெனைச்சுதான் போட்டேன்."

இயோலே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் இறங்கிய முகமாக இல்லை. கணக்குப் போடும் முகமாக இருந்தது. "சரி. தேதி நெசந்தான். நீ பின்னாடி வரல. ஆனா என் எடம் போயிடுச்சு. இனிமே வருஷா வருஷம் அந்த லெயார்கோ போய் மேய்வான். எனக்கு ஒண்ணு வேணும். குவிந்தோ உன்னை எங்க கூட்டிட்டுப் போனான்?"

"கண்ணைக் கட்டித்தான் கூட்டிட்டுப் போனாரு."

"உன் கண்ணைக் கட்டினா நீ மூக்கால பாத்திருப்பே. சொல்லு. நான் எடுத்துடப்போறதில்ல, தெரிஞ்சு வெச்சுக்கிறேன், அவ்வளவுதான். சொன்னேன்னா நாளைக்குக் காலையில இந்தக் கடையில நின்னே சொல்றேன், அது என் எடம், இவமேல தப்பில்லன்னு. என் வாயால வந்தா ஊர் நம்பும். நாளன்னிக்கு உன் வாசல்ல கூடை தொங்கும்."

அது உண்மை. எர்சிலியாவுக்குத் தெரியும். ஒரே ஒரு சொல், பழைய ஆலை என்று சொன்னால் போதும், பாக்கி ஆறு படமும் அவளுக்கு வந்துவிடும். தெரியாது என்று சொல்லவும் வாய் வந்தது. அதுதான் சுலபம். ஆனால் ஒரு பொய் மரம் செய்த வேலையைப் பார்த்த பிறகு இன்னொன்றைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை.

"தெரியும்," என்றாள். "சொல்லமாட்டேன்."

இயோலேயின் கண்கள் குறுகின. "தெரியும்னு குவிந்தோவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எப்போலேருந்து உனக்குத் தெரியும்?"

"போயிட்டு வந்த அன்னிக்கு சாயங்காலத்திலேருந்து."

"ஒரு மாசமா. நல்ல சீசன்ல. தனியா." இயோலே எழுந்து அவளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல இருந்தது. "ஒண்ணுகூடப் போய் எடுக்கலியா? யாரு நம்புவா?"

"எனக்குக் காளான் ஒத்துக்காது இயோலே. வயிறு கெட்டுடும்."

இயோலே நடப்பதை நிறுத்தினாள்.

"இருபத்திரண்டு வருஷமா நான் மாட்டிவிட்ட கூடையெல்லாம்?"

"வரைஞ்சேன். அப்புறம் எதுத்த வீட்டுக்குக் கொடுத்துட்டேன்."

"எதுத்த வீட்டுக்கா! என் காளானையா! அந்தப் பொம்பளை என்னைப் பாத்தா வணக்கம்கூடச் சொல்லமாட்டா!" இடம் பறிபோனதற்குக்கூட இயோலே இவ்வளவு கத்தவில்லை. கத்தி முடித்து மூச்சு வாங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தெரிஞ்சும் போகாதவளை நான் இந்த ஊர்ல பாத்ததில்லை. எங்கம்மாகூடப் போவா." இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "வியாழக்கிழமை விடிஞ்சதும் வா. வேற எடம் ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு எடத்தை வெச்சுக்கிட்டு எவடி பொழைக்கிறா? உன்கிட்ட இல்லாதது ஒண்ணு அங்க இருக்கு. கறுப்புத் தலை."

"கண்ணுக்குத் துணி கொண்டு வரணுமா?"

"வேணாம். நல்லா முழிச்சுப் பாத்துக்கோ. அந்த எடம் எனக்கும் உனக்கும் மட்டுந்தான் தெரியும். அங்க ஒரு காளான் கொறைஞ்சாலும் யார் வீட்டுக் கதவைத் தட்டணும்னு எனக்குத் தெரியும்."

"ஊர்ல சொல்றேன்னியே?"

"மொதல்ல வியாழக்கிழமை வரட்டும். ஒரு சீசன் போகட்டும். அப்புறம் பாக்கலாம்."

வியாழக்கிழமை காலை எர்சிலியா ஈரப்பாசியின் மேல் பலகையை வைத்து உட்கார்ந்தாள். முந்தின நாளே ஊறவைத்து ஒட்டிய காகிதம் மத்தளம்போல இறுகியிருந்தது. கறுப்புத் தலைக்காளான் தானே இருட்டு. அதற்குப் பின்னணி தேவையில்லை. இயோலே அவள் முதுகுக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்று, ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்லை ஏன் பாக்குறே?"

"வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பாக்குறேன்."

"வெளிச்சம் மேலேருந்துதான் வரும். வரை."

எர்சிலியா தூரிகையை நனைத்தாள். கறுப்பு என்று பெயரே தவிர, அந்தத் தலையில் ஊதாவும் பழுப்பும் இருந்தன. அவை ஒன்றோடொன்று கலக்கும் முன்பே முதல் பூச்சு காய்ந்துவிடக் கூடாது. குனிந்து வேலையை ஆரம்பித்தாள். பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது.

"மணி குறிக்காதே."

"குறிக்கல."

"பென்சில் கையில இருக்கே."

எர்சிலியா பென்சிலைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். இயோலே அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு பக்கத்தில் வந்து, பாசியின் மேல் உட்கார்ந்தாள்.